ஸ்கேல் மேடம்

ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் படத்தைப் பார்க்காத ஒரே மனுஷியை நான் ஹைதராபாத்தில்தான் பார்த்தேன். அவர் கண் நேராகப் படத்தின் அடியில் வலது மூலைக்குப் போகும். அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருக்க வேண்டும். அந்தக் கோடு நிஜத்தில் எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். மாணவர்களிடம் தெலுங்கில், "ஸ்கேல் எக்கட?" என்று கேட்பார். என்னிடம் தமிழில், "கோடு எங்க சார்?" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேல் மேடம். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் கோவில்பட்டிக்காரன். வேதியியல் படித்தவன். தம்பிக்கு ஹைதராபாத்தில் மென்பொருள் வேலை கிடைத்தபோது அவன் பின்னாலேயே வந்து, நகரத்துக்கு வெளியே பாறைக் காட்டுக்கு நடுவில் கட்டியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வீடு மௌலா அலியில். கல்லூரிப் பேருந்து மெட்டுகுடாவில் மேடத்தை ஏற்றிக்கொண்டு வந்து, அப்புறம் என்னை ஏற்றும். அவர் இயற்பியல். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். கணவருக்கும் ரயில்வேதான். முதல் நாள் பேருந்தில் எனக்கு ஜன்னலோரத்தைக் காட்டி, "நக்கோ சார், நீங்களே உக்காருங்க, எனக்கு வெயிலு ஆவாது" என்றார். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு. ஒரு வாரத்தில் எனக்கும் பழகிவிட்டது.

நானோ என்ற சொல்லுக்குப் பெரிய மவுசு இருந்த வருடங்கள் அவை. எங்கள் கல்லூரியும் நானோ தொழில்நுட்பத்தில் எம்.டெக் ஆரம்பித்தது. அத்தனை சிறிய பொருளைப் பார்க்கக்கூடிய கருவி ஒன்றுகூடக் கல்லூரியில் கிடையாது. வாசலில் ஃப்ளெக்ஸ் மட்டும் பதினைந்து அடி இருந்தது. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் மென்பொருள் வேலை கிடைக்கும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்கள். சேர்க்கை நாளன்று ஒரு பையனின் அப்பா, மலிவு விலையில் வரப்போவதாக அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்த குட்டிக் காரை மனதில் வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்தால் கார் கம்பெனியில்தானே வேலை என்று விசாரித்தார். நாங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டோம். மேடம் சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, ஒரு தலைமுடியை அகலவாக்கில் எண்பதாயிரம் கீற்றாகக் கீறினால் ஒரு கீற்று ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். அந்த அப்பாவுக்குத் தலையில் முடி அதிகம் இல்லை. இருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார்.

முதல் வகுப்பில் மேடம் பாடம் எடுக்க மாட்டார். நகம் தேய்க்கிற சின்ன அரம் ஒன்றை, ஒரு நக ராவியை, கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். இடது கட்டைவிரல் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, குறுக்காக ஒரு கீறல் போட்டுக்கொள்ள வேண்டும். அவரும் போட்டுக்கொள்வார். "உங்க நகம் நொடிக்கு ஒரு நானோமீட்டர் வளருது. இப்ப நான் பேசுற நேரத்துலயும் வளர்ந்துக்கினே இருக்குது. யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்பார். யாரும் பார்த்ததில்லை. "பருவம் முடியறப்ப இந்தக் கீறல் நுனிக்கிட்ட வந்திருக்கும். அன்னைக்குப் பாருங்க." அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது. ஐந்தாறு மாதம் பதினெட்டுப் பேரும் பேருந்திலும் கேன்டீனிலும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு திரிவார்கள். அந்தச் சின்னஞ்சிறு அளவைப் பிள்ளைகளின் உடம்பிலேயே ஏற்றிவிட இதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. கூச்சத்தோடு நானும் ஒரு முறை கீறிக்கொண்டேன்.

கோட்டுப் பைத்தியம் வகுப்போடு நின்றுவிடவில்லை. ஒரு நாள் பேருந்தில் என் மனைவியின் தங்கைக்கு வந்திருந்த வரனின் புகைப்படத்தைக் காட்டினேன். பையன் சிவப்பு, நல்ல சிரிப்பு, அமெரிக்கா போகப் போகிறான், உயரம் ஐந்தடி ஒன்பது என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் பையில் எப்போதும் இருக்கும் ஆறங்குல எஃகு ஸ்கேலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார்.

"பக்கத்துல சுவத்துல சுவிட்சு போர்டு இருக்குது பாத்தீங்களா? தரையிலேர்ந்து நாலே முக்கால் அடின்னு வெச்சுக்கலாம். அப்டி பாத்தா பையன் அஞ்சு நாலு, அஞ்சு அஞ்சுதான் சார் வர்றான்."

"அவங்க வீட்ல வேற உயரத்துல வெச்சிருக்கலாமே மேடம்."

"ஹவ், இருக்கலாம். அதனாலதான் கேட்டுக்கோங்கன்னு சொல்றேன். இல்லன்னு நான் சொல்லல."

கேட்டோம். ஐந்து ஐந்துதான். கல்யாணம் நடந்தது, நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் என் மாமனார் அதற்குப் பிறகு அந்த ஸ்கேல் அம்மாவைப் பற்றிப் பயபக்தியோடுதான் விசாரிப்பார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது இல்லை என்று ஆகிவிடாது, தெரிகிறது என்பதாலேயே அது அதுதான் என்றும் ஆகிவிடாது. முதல் பாதி பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். இரண்டாவது பாதியை ஏற்றுவதற்குத்தான் அவர் படாத பாடு பட்டார். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். பருவத்தின் கடைசி வகுப்பில் தன்னுடைய ஆராய்ச்சிப் படம் ஒன்றையே திரையில் போடுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, "இது வேறு என்னவாக இருக்கலாம்?" என்று அவரை மடக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் தப்பிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் கடைசி வகுப்பில் முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுப்பார்கள். இவர் தானே போய்க் கூண்டில் ஏறி நின்றுகொள்வார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

மேடம் ஏழு வருடமாகப் பகுதி நேரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த வருடம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜூன் மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காதவர்கள் எம்.டெக் வகுப்பு எடுக்க முடியாது, முதலாம் ஆண்டு ஆய்வகத்துக்குத் திரும்ப வேண்டும். நானோ பாடத்திட்டத்தை ஒவ்வொரு வரியாக எழுதியவர் அவர். அதை விட்டுவிட்டு மறுபடி ஊசல் ஆடுவதை எண்ண வைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அவர் மகள் ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் தெலுங்கில், "அங்கிள், இந்தப் பாடம் ஆரம்பித்த பிறகுதான் அம்மா வீட்டில் பாட்டு முணுமுணுக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் செய்துகொண்டிருந்தது ஜிங்க் ஆக்சைடு துகள்கள். ஜிங்க் குளோரைடையும் காஸ்டிக் சோடாவையும் கரைசலாகச் சேர்த்தால் வெள்ளையாக ஒரு வண்டல் இறங்கும். கூடவே சாப்பாட்டு உப்பும் உண்டாகும். அந்த உப்பு போக வேண்டுமென்றால் வண்டலில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, சுழற்றும் இயந்திரத்தில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, மறுபடி ஊற்றிச் சுற்ற வேண்டும். குறைந்தது மூன்று தடவை. கடைசியில் கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட வேண்டும். நீர் பாலாகத் திரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. தெளிவாக இருந்தால் முடிந்தது. முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த சோதனை. கழுவுகிற பொறுப்பை வேதியியல்காரன் என்று என்னை நம்பி ஒப்படைத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு ஒரு தொகுதியைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் இயந்திரத்தில் ஒரு சுற்று கழுவ நாற்பது நிமிடம் ஆகும். நாலரைக்குப் பேருந்து. அதை விட்டால் வேறு வண்டி இல்லை. ஆறு மணிக்கு எனக்கு அமீர்பேட்டில் வகுப்பு. ஆமாம், நானும் மென்பொருள் சோதனை படித்துக்கொண்டிருந்தேன். ஊரே படித்தது. ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி பயிற்சி நிலையங்கள், படிக்கட்டெல்லாம் செருப்பு. கல்லூரியை விட்டு எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்ற வெறியில் இருந்தேன். ஒரே ஒரு தடவை கழுவினேன். சில்வர் நைட்ரேட் புட்டியைத் திறக்கவே இல்லை. வண்டலை அடுப்பில் காய வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மேடம் எனக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருந்தார்.

நகரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மூன்று மாதம் முறை காத்திருந்து படம் எடுத்துவந்தார். படத்தை என் மேசையில் வைத்தார். கோடு இருந்தது. இருநூறு நானோமீட்டர் என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே, பொடிப்பொடியான துகள்களுக்கு நடுவில், வெட்டி வைத்ததைப் போலக் கனசதுரங்கள். ஜிங்க் ஆக்சைடு சாதாரணமாகக் கோலாகவோ உருண்டையாகவோதான் வரும். கனசதுரமாக வந்தால் அது செய்தி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு அவர் தேடிக்கொண்டிருந்தது அதுதான்.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உப்பு கனசதுரமாகத்தான் படியும் என்று வேதியியல்காரனுக்குத் தெரியாதா?

"இவ்ளோ அழகா வந்திருக்குதே சார்" என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு மெதுவாக, "எத்தனை தடவ கழுவுனீங்க?" என்று கேட்டார்.

"மூணு தடவை மேடம்."

"சொட்டு விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தெளிவா இருந்துச்சு."

"சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணப் பையனின் உயரத்துக்கு ஸ்கேல் எடுத்தவர், என் வார்த்தைக்கு எடுக்கவில்லை. நான் அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அன்றே சொல்லியிருந்தால் இன்னொரு தொகுதி செய்து, நன்றாகக் கழுவி, இன்னொரு முறை வரிசையில் நின்றிருக்கலாம். ஜூனுக்குள் முடிந்திருக்குமோ என்னவோ. நான் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் அத்தியாயம் எழுதி முடித்துவிட்டார்.

கல்லூரி முதல்வருக்கு விஷயம் தெரிந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் புதிய ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு ஒன்று வரவிருந்தது. அச்சடித்தவன் அழகுக்காகப் படத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டான். கோடு போய்விட்டது. காலையில் பேருந்திலிருந்து இறங்கிய மேடம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு நாற்காலியும் கருப்பு மார்க்கரும் கொண்டுவந்தார். ஸ்கேலால் ஒரு கனசதுரத்தை அளந்தார். கையில் கணக்குப் போட்டார். நாற்காலியில் ஏறி நின்று, ஃப்ளெக்ஸின் வலது மூலையில் இரண்டடி நீளத்துக்குக் கோடு இழுத்து, இருநூறு நானோமீட்டர் என்று எழுதினார். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது இல்லை. உப்புக்கு அவ்வளவு சரியாக அளவு போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

ஆய்வேடு அச்சாகி, ஐந்து பிரதிகள் கட்டாகி வந்தன. கரும்பச்சை அட்டை, பொன்னெழுத்து. சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவருடைய கடைசி வகுப்பு. வழக்கப்படி கூண்டில் ஏறும் நாள். ஆய்வகத்தில்தான் நடத்துவார். எங்கிருந்தாவது நழுவிவிடலாமா என்று பார்த்தேன். ஆய்வகப் பொறுப்பு என்னுடையது, முடியவில்லை.

திரையில் கனசதுரங்களைப் போட்டார். முதலில் எல்லாரும் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்கள். கீறல் நுனிக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. தூசியாக இருக்கலாமா, மாதிரி வைத்த தட்டின் சொரசொரப்பாக இருக்கலாமா, படத்தை இயந்திரம் தப்பாகக் காட்டியிருக்கலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சத்தம் அடங்கியது. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஸ்வப்னா என்று ஒரு பெண் எழுந்தாள். வரங்கல் பக்கம், வகுப்பில் வாயே திறக்காதவள். தெலுங்கில் கேட்டாள்.

"மேடம், இது உப்பாக இருக்கலாமா?"

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அந்த ஐந்தாறு நொடியில் நான் எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"நல்ல கேள்வி. பாத்துடலாம்" என்றார் மேடம். அலமாரியைத் திறந்து, அவர் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய சின்னக் குப்பியை எடுத்தார். அந்தத் தொகுதியில் மிச்சமிருந்த பொடி. இரண்டு சோதனைக் குழாய்களில் காய்ச்சி வடித்த நீர் எடுத்துக்கொண்டார். ஒன்றில் வெறும் நீர். இன்னொன்றில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டினார். என் பக்கம் கையை நீட்டினார். சில்வர் நைட்ரேட் புட்டியை நான்தான் கொடுத்தேன். வெறும் நீரில் முதலில் ஒரு சொட்டு விட்டார். தெளிவாக இருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். அவசரமே இல்லை. அப்புறம் அடுத்த குழாயில் ஒரு சொட்டு.

பால் மாதிரி வெளுத்தது.

ஸ்வப்னா உட்காராமல் அப்படியே நின்றாள், ஏதோ உடைத்துவிட்டவள் போல முகம். மேடம் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் தாங்கியில் நிறுத்தினார்.

"உப்புதான்" என்றார். "நான் சரியா கழுவல. எழுதிக்கோங்க."

'நான்' என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். மணி அடித்தது.

அன்று நாலரைப் பேருந்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளும் ஒரு துணிப்பையில் அவர் காலடியில் இருந்தன. பேருந்து கீசரா சாலையில் ஏறியதும் சொன்னேன்.

"மேடம், நான் ஒரு தடவைதான் கழுவினேன். சொட்டும் விட்டுப் பார்க்கல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் சார்."

"இன்னைக்கா?"

"அன்னைக்கே. மூணு மணிக்குத்தானே கையில குடுத்தேன். ஒரு தடவைக்கு நாப்பது நிமிஷம். நாலரை பஸ்ஸுல நீங்க எனக்கு முன்னால உக்காந்துக்கினு இருக்கீங்க. இதுக்கு இன்னா பெரிய கணக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"படம் வந்த அன்னைக்கு உங்கள கேட்டேன் பாருங்க, தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கல. நீங்க மூணுன்னு சொல்லணும்னு வேண்டிக்கினேதான் கேட்டேன். சொன்னீங்க. எனக்கு அது போதுமா இருந்திச்சு. ஏழு வருஷம் சார். ஊர்ல இருக்கறவனையெல்லாம் கோடு எங்கன்னு கேட்டவ, என்னை நான் கேக்கல."

"மறுபடி செய்யலாம் மேடம். நான் ராப்பகலா…"

"நக்கோ சார். ஜூனுக்குள்ள ஆவாது." காலடியில் இருந்த பையைக் காட்டி, "இன்னைக்கு யாராச்சும் கேக்குறாங்களான்னு பாத்துக்கினே இருந்தேன். மணி அடிக்கிற வரைக்கும் யாரும் கேக்கலன்னா நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். நிஜமா குடுத்திருப்பேன்" என்றார்.

பேருந்து மௌலா அலியை நெருங்கியது. குன்றின் மேல் தர்காவில் விளக்கு இன்னும் போடவில்லை. நான் எழுந்தேன்.

"கேட்டுட்டாளே சார், அந்தப் பொண்ணு" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது. "ஆறு மாசம் வாயே திறக்கல. கேட்டுட்டா பாத்தீங்களா."

நான் இறங்கப் போனபோது பின்னாலிருந்து கேட்டார். "அன்னைக்குக் கைக்கு சார் அவ்ளோ அவசரம்?" அமீர்பேட் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் எதிர்பார்த்தபடிதான். அந்த அத்தியாயத்தைக் கண்டுகொள்ளாமல் சமர்ப்பித்துவிடும்படி அவருடைய வழிகாட்டி சொன்னாராம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. "நான் பாத்துட்டேனே சார்" என்று என்னிடம் சொன்னார், ஏதோ தவிர்க்க முடியாத சின்ன இடைஞ்சலைச் சொல்வது போல. முதல்வரிடம் போய் வாசல் ஃப்ளெக்ஸை எடுக்கச் சொன்னார். ஆய்வுக் குழு வந்து போகட்டும் என்றார்கள். குழு வந்து, படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனது. ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. அதற்கு அடியில்தான் அவர் தினமும் நடந்து முதலாம் ஆண்டு ஆய்வகத்துக்குப் போனார். ஆடி மாதக் காற்றில் அது பாதி கிழிந்து தொங்கியபோதும் அவர் போட்ட கோடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த வருடம் அல்வாலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறிவியல் ஆசிரியையாகப் போய்விட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

போகிற அன்று ஆய்வேட்டின் ஒரு பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கடைசி அத்தியாயத்தில் அந்தப் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்த ஜிங்க் ஆக்சைடு என்ற சொற்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது: 'அளவு சரி. பொருள் உப்பு.'

மென்பொருள் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நான் படித்து முடித்த நேரத்தில் கம்பெனிகள் ஆளை எடுப்பதை நிறுத்தி, இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. கல்லூரியிலேயே தங்கி, டாக்டர் பட்டம் வாங்கி, மேடம் எழுதிய அந்தப் பாடத்தையே நான் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வகுப்பில் நக ராவி கொண்டுபோகிறேன். கடைசி வகுப்பில் அந்தப் படத்தைத் திரையில் போடுகிறேன். என்னுடைய படம் எதையும் போட எனக்கு மனம் வந்ததில்லை. மூன்று வருடம், இது ஒரு பழைய மேடத்தின் படம், கழுவுவதில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்களுக்கு அது அவருடைய தவறாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இந்த வருடம், இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், முன்வரிசையில் ஒரு பெண். பெயர்கூட இன்னும் எனக்குச் சரியாக மனதில் நிற்கவில்லை. உப்பு என்று நான் சொல்லி முடித்ததும், குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எத்தனை தடவை கழுவினார்கள், சார்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் கனசதுரங்கள், கீழே இருநூறு நானோமீட்டர் கோடு.

"ஒரு தடவை" என்றேன். "மேடம் இல்லை. கழுவியது நான். மூன்று தடவை என்று அவரிடம் பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்."

அவள் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து எழுதிக்கொண்டாள்.